மூட்டைத் தராசில் நிறுத்துப் பார்த்த டயர்கள்

ஒடுகத்தூரில் உள்ள எங்கள் கிடங்கில் சாமை மூட்டைகளை நிறுப்பதற்கு ஒரு தராசு இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நாள், பஞ்சர் ஒட்டுவதற்காக டிஸ்கிலிருந்து (டயரை மாட்டும் உலோகச் சக்கரம்) கழற்றியிருந்த என் ஸ்கார்ப்பியோவின் டயரை அந்தத் தராசின் மேல் ஏற்றினேன். 19 கிலோ 400 கிராம் காட்டியது. கிடங்கின் மூலையில் கிடந்த பழைய டயரை, அதாவது வண்டி வாங்கியபோது ஸ்டெப்னியாக வந்து அதிகம் ஓடாமல் இருந்த டயரை, அடுத்ததாக ஏற்றினேன். அது 14 கிலோவைக்கூடத் தொடவில்லை. ஒரு சக்கரத்துக்கு ஐந்தரை கிலோ கூடுதல் எடை. ஐந்து மாதங்களாக அம்மா சொல்லிக்கொண்டிருந்த முதுகு வலிக்கும் இந்த ஐந்தரை கிலோவுக்கும் தொடர்பு உண்டு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலைப் பாதைக்கும் வேண்டும், வயதானவர்களை உட்கார வைத்து ஓட்டவும் வேண்டும் என்ற இரண்டு தேவைகளோடு டயர் வாங்க நினைப்பவர்கள் நம் பகுதியில் பலர் இருப்பதால், நான் செய்த தவறையும் அதை எப்படிச் சரிசெய்தேன் என்பதையும் விவரமாக எழுதுகிறேன்.

நான் ஜவ்வாது மலையில் சாமையும் புளியும் கொள்முதல் செய்து வேலூரிலும் வாணியம்பாடியிலும் விற்பவன். குடும்பத்தோடு வேலூர் பாகாயத்தில் வசிக்கிறேன். அம்மா ஒடுகத்தூர் வீட்டை விட்டு வர மறுத்துவிட்டார். மாதம் ஒருமுறை அவரை முதுகுத்தண்டு சிகிச்சைக்காக வேலூருக்கு அழைத்துவந்து திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். மாதத்தில் இரண்டு மூன்று முறை பீஞ்சமந்தை பக்கமோ, அமிர்தி வழியாக ஜமுனாமரத்தூர் பக்கமோ மலையேற வேண்டும். 2018இல் வாங்கிய பின்சக்கர இயக்க ஸ்கார்ப்பியோ ஒன்றுதான் இவ்வளவுக்கும்.

வண்டியோடு வந்தவை எச்.டி. எனப்படும் நெடுஞ்சாலை வகை டயர்கள். தார்ச்சாலையில் அவற்றைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. சிக்கல் மலையில்தான் வந்தது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டோடிய அந்த மழைக்காலத்தில், மலைக் கிராமங்களுக்குப் போகும் மண் பாதைகளில் மண் முழுவதும் அரித்துப்போய், வெங்கச்சங்கற்கள் கத்தி முனைபோல மேலே நின்றன. இரண்டு மாதங்களுக்குள் இரண்டு டயர்களின் பக்கச் சுவர் கிழிந்தது. பட்டன் பகுதியில், அதாவது தரையைத் தொடும் பகுதியில், முள்ளோ ஆணியோ ஏறினால் ஒட்டுப் போட்டு ஓட்டலாம். பக்கச் சுவர் கிழிந்த டயரைத் தூக்கித்தான் போட வேண்டும், அதை ஒட்டித் தருவதாக யார் சொன்னாலும் நம்பக் கூடாது. ஆகவே ஏ.டி. எனப்படும் அனைத்துத் தரை வகைக்கு மாறுவது என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். அந்த வகைக்குள் எதை எடுத்தேன் என்பதில்தான் பிழை நேர்ந்தது.

கடைக்காரர் மூன்று நான்கு மாதிரிகளைக் காட்டினார். அவற்றுள் பெரிய பெரிய ரப்பர்க் கட்டைகளோடும் பக்கச் சுவர் வரை இறங்கிய பட்டன்களோடும் இருந்த ஒன்று, பார்த்த உடனேயே மலைக்கென்று பிறந்ததுபோல என் கண்ணுக்குத் தெரிந்தது. என் வண்டியின் அளவு 235/65 ஆர் 17. அந்த டயர் எல்.டி. 245/65 ஆர் 17. எண்களுக்கு முன்னால் நிற்கும் ‘எல்.டி.’ என்ற இரண்டு எழுத்துகளை நான் கவனிக்கவே இல்லை. சற்று அகலமாக இருந்தால் நல்லதுதான் என்று நினைத்து, ஸ்டெப்னிக்கும் சேர்த்து ஐந்து டயர்களாக வாங்கிப் போட்டேன்.

மலையில் அவை எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனால் ஒடுகத்தூரிலிருந்து அணைக்கட்டு வழியாக வேலூருக்கு வரும் வழியில் ஒவ்வொரு வேகத்தடையும், சாலையின் ஒவ்வொரு ஒட்டும், பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய ஒவ்வொரு மேடும் நேராக இருக்கைக்கு ஏறி வந்தன. நடு வரிசையில் உட்காரும் அம்மா கதவின் மேலுள்ள பிடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டே வரத் தொடங்கினார். “வண்டி என்னடா கண்ணு, மாட்டு வண்டி மாதிரி தூக்கித் தூக்கிப் போடுது?” என்று முதல் பயணத்திலேயே கேட்டார். சாலையின் மேல் பழியைப் போட்டு அவருக்குப் பதில் சொன்னேன். இருக்கைக்கு மேல் ஒரு பஞ்சு மெத்தையும் வாங்கிப் போட்டேன். அந்த ஐந்து மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அவர் இரண்டு நாட்கள் படுக்கையில் கிடந்தார்.

எல்.டி. என்றால் இலகுரகச் சரக்கு வாகனத்துக்கான டயர். பாரம் ஏற்றி ஓடும் பிக்கப் வண்டிகளை மனத்தில் வைத்து, உள்ளே கூடுதல் இழை அடுக்குகளோடும் தடித்த பக்கச் சுவரோடும் அதைச் செய்கிறார்கள். நான் வாங்கியதில் எட்டு பிளை மதிப்பு (இழை அடுக்குகளின் வலிமைக் குறியீடு) என்று குறித்திருந்தது. சாலையின் மேடு பள்ளங்களை முதலில் வாங்கிக்கொள்வது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் என்று நாம் நினைக்கிறோம்; உண்மையில் முதலில் வாங்கிக்கொள்வது டயரின் பக்கச் சுவரும் அதற்குள் இருக்கும் காற்றும்தான். அந்தச் சுவர் மடங்க மறுத்தால், சிறு கல்லின் அதிர்வுகூட ஸ்பிரிங்குக்கு அப்படியே போய்ச் சேரும். இதோடு காற்றும் சேர்ந்துகொண்டது. கடையில் 40 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) நிரப்பி அனுப்பினார்கள், ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு, இந்த டயருக்கு அவ்வளவு வேண்டும் என்றார்கள். அதில் பாதி உண்மை உண்டு: ஒரே அளவு எடையைத் தாங்க, கார் வகை டயரைவிட எல்.டி. டயருக்குக் கூடுதல் காற்று தேவைப்படுகிறது. அப்படியானால் தடித்த சுவர், கூடுதல் காற்று என்று இரண்டு வகையிலும் அது இறுகிப்போகிறது. முக்கால் டன் மூட்டை ஏற்றும் வண்டிக்கு அது பொருந்தும். பின்னிருக்கையில் ஐம்பது கிலோ எடையுள்ள அம்மா ஒருவர் மட்டும் உட்கார்ந்து வரும் வண்டிக்கு அது சிறிதும் பொருந்தாது.

எடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் டயர் வாங்கும்போது யாரும் அதைக் கேட்பதில்லை. ஒரு வண்டியின் எடையில் ஒரு பகுதி ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. டயர், டிஸ்க், பிரேக், ஆக்சில் ஆகியவை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கின்றன. கீழே இருக்கும் எடை கூடக் கூட, சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது கூடுதல் விசையோடு உடற்பகுதியை மேலே தள்ளுகிறது. பள்ளம் வந்தால் அதற்குள் விரைவாக இறங்கித் தரையைத் தொடர முடியாமல் பின்தங்குகிறது. ஸ்கார்ப்பியோவின் பின்பக்கம், இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் முழு ஆக்சில் கொண்டது. அதனால் அங்கே கீழ்ப்பகுதி எடை ஏற்கெனவே அதிகம். அதில் இரண்டு பக்கமும் சேர்த்து 11 கிலோ ஏற்றினால், ஷாக் அப்சார்பர் அதைக் கட்டுப்படுத்தத் திணறுகிறது. சுழலும் எடை என்பதால் கிளம்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அதே சுமை தெரியும். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த என் வண்டி பத்தரைக்கு இறங்கியது.

தராசில் நிறுத்துப் பார்த்த மறுவாரம், வேலூரில் எனக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமான மெக்கானிக் பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன். டயரை உடனே மாற்றிவிடுவது என்ற எண்ணத்தோடுதான் போனேன். அவர் என்னை நிறுத்தி, 72,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் கீழே என்ன நிலை என்று பார்க்காமல் டயரின் மேல் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்றார். வண்டியைத் தூக்கி, கடப்பாரை முனையால் முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் என்ற இரும்புக் கையை நெம்பிக் காட்டினார். அதன் மூட்டில் அதிர்வைத் தாங்கும் புஷ்ஷின் ரப்பர் வெடித்து, இரும்பு இரும்போடு மோதுவது கண்ணுக்கே தெரிந்தது. பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்து, அதன் மேல் தூசு படிந்து கறுத்திருந்தது. எல்.டி. டயரின் எடை அவற்றின் ஆயுளைக் குறைத்திருக்கலாம். ஆனால் ஐந்து மாதங்களில் மட்டும் வந்த தேய்மானம் அது அன்று. பழைய டயர்களின் மென்மை அந்தத் தேய்மானத்தை இவ்வளவு நாள் மறைத்துவைத்திருந்தது.

பின்பக்க ஷாக் அப்சார்பர்களை ஜோடியாகவும், முன்பக்க ஆர்ம் புஷ்களையும், திருப்பங்களில் வண்டி சாயாமல் பிடிக்கும் லிங்க் ராடுகளையும் முழுதாகவும் மாற்றினோம். வெளியில் விற்கும் கடினமான வகை ஷாக் அப்சார்பர்களைப் போடலாமா என்று கேட்டேன். பாரம் ஏற்றாத நாட்களில் அவை இன்னும் தூக்கிப்போடும் என்பதால் வண்டியோடு வந்த வகையையே போடச் சொன்னார். அவரிடம் நான் கற்ற இன்னொரு செய்தியை மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். ரப்பர் புஷ் மாற்றும்போது, வண்டி தூக்கிய நிலையில், சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கிவிடக் கூடாது. வண்டி தரையில் தன் சக்கரங்களின் மேல் நிற்கும் உயரத்தில்தான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி இறங்கியதும் அந்த ரப்பர் முறுக்கிய நிலையிலேயே எப்போதும் இருக்கும். ஓட்டமும் விறைப்பாக இருக்கும், புஷ்ஷும் ஒரு ஆண்டுக்குள் கிழியும். அவசரத்தில் இதைக் கவனிக்காமல் விடும் பட்டறைகள் உண்டு. கூடவே நின்று கேட்டுக்கொள்வது தவறில்லை.

இந்த வேலை முடிந்ததும் குலுக்கலில் ஏறக்குறைய பாதி குறைந்தது. மீதிப் பாதி டயருடையது என்பதில் இப்போது ஐயம் இல்லை.

இரண்டாம் முறை வாங்கும்போது நான் நிதானமாக இருந்தேன். அரக்கோணம் அருகே இச்சிபுத்தூரில் எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலை இருக்கிறது; பழைய வட ஆற்காட்டு மண்ணிலேயே டயர் உருவாகிறது என்பதில் எனக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு பெருமை உண்டு, ஏனெனில் என் தாய்மாமா அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். என் கதையை முழுதாகக் கேட்டுவிட்டு, “டயரோட பேரைப் பாக்காத மாப்ளே, பக்கத்துல இருக்கற எழுத்தையும் எண்ணையும் படி” என்றார். பிறகு கிடங்கிலிருந்த பழைய டயரையே தரையில் கிடத்தி, மாணவனுக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாக விளக்கினார்.

235 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. ஆகவே சுவர் ஏறக்குறைய 153 மில்லிமீட்டர். 17 என்பது அங்குலத்தில் டிஸ்கின் விட்டம். மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் முழு டயரின் விட்டம் 737 மில்லிமீட்டர் வருகிறது. நான் போட்ட 245/65 ஆர் 17இன் விட்டம் 750 மில்லிமீட்டர். அதனால் தரையிலிருந்து கிடைத்த கூடுதல் உயரம் வெறும் ஆறரை மில்லிமீட்டர். அந்த ஆறரை மில்லிமீட்டருக்காகவா இவ்வளவும் என்று அப்போது தோன்றியது. பழைய ஸ்கார்ப்பியோக்களில் இருந்த 235/70 ஆர் 16 அளவையும் மாமா கணக்கிட்டுக் காட்டினார்: விட்டம் 735, பக்கச் சுவர் 164 மில்லிமீட்டருக்கு மேல். அதாவது டிஸ்க் ஓர் அங்குலம் சிறியது, சுவர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரம், முழு விட்டம் ஏறக்குறைய அதேதான். சொகுசுக்கு அதுதான் நேர்வழி. இன்றைய புதிய வண்டிகளில் 18, 19 அங்குல டிஸ்க்கைப் பெருமையாக விளம்பரம் செய்வது நம் சாலைகளுக்கு நேர் எதிரானது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் புதிய பிரேக் காலிப்பருக்கு 16 அங்குல டிஸ்க்கில் இடம் இருக்குமா என்று பார்க்க வேண்டும். ஐந்து டிஸ்க்குகள் வாங்கும் செலவும் உண்டு. தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருப்பதால், விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் கேள்வி வரும் வழியையும் நான் விரும்பவில்லை. வண்டியோடு வந்த அளவிலேயே வாங்குவது என்று முடிவு செய்தேன்.

அடுத்து வருவது பாரக் குறியீடு. 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும். 108 என்றால் 1,000 கிலோ. அதை ஒட்டி நிற்கும் எழுத்து வேக வரம்பு. எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், எச் என்றால் 210. வண்டிக்குக் குறித்த எண்ணைவிடக் குறைவான டயரை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்க்கும்போது அதனோடுள்ள எண்ணையும் பார்க்கச் சொன்னார்: கார் வகை டயருக்கு 15633, சரக்கு வாகன வகைக்கு 15636. ‘எல்.டி.’ என்ற எழுத்து கண்ணில் படாவிட்டாலும் இந்த எண் உண்மையைச் சொல்லிவிடும். பிறகு நான்கு இலக்கத் தேதி. 2322 என்றிருந்தால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. வேலூர் வெயிலில் கடை வாசலில் அடுக்கிவைத்த டயருக்குப் பட்டன் தேயாமலே வயதாகிவிடும் என்பதால், ஆறு மாதங்களுக்கு மேல் பழையதை நான் எடுப்பதில்லை. வெளிநாட்டு டயர்களின் இறக்குமதிக்கு 2020 ஜூனில் கட்டுப்பாடு வந்த பிறகு சில அளவுகள் கிடைப்பது அரிதாகி, விலையும் ஏறிவிட்டது. அப்படிப்பட்ட டயர்களில்தான் இந்தத் தேதியை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

பெயரைப் பார்க்காதே என்று மாமா சொன்னதன் பொருளைக் கடையில்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன். அப்பல்லோவின் அப்டெரா, யோகோகாமாவின் ஜியோலாண்டர் போன்றவை ஒவ்வொன்றும் ஒரு குடும்பப் பெயர். அதே பெயரில் நெடுஞ்சாலை வகையும் உண்டு, அனைத்துத் தரை வகையும் உண்டு. நண்பர் ஒருவர் இந்தப் பெயரைப் போட்டுத் திருப்தியாக இருக்கிறார் என்று கேட்டுப் போய் அதே பெயரில் முற்றிலும் வேறு டயரோடு திரும்பி வர வாய்ப்பு இருக்கிறது. பெயருக்குப் பின்னால் நிற்கும் எழுத்துகளை எழுதிவைத்துக்கொண்டு போவது நல்லது.

எந்த அளவுக்கு முரட்டுத்தனமான பட்டன் வேண்டும் என்பதற்கு விடை என் கொள்முதல் நோட்டில் இருந்தது. டீசல் கணக்குக்காக ஒவ்வொரு பயணத்தின் கிலோமீட்டரையும் எழுதும் வழக்கம் உள்ளவன் நான். ஒரு மாதக் கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். மொத்தம் 1,400 கிலோமீட்டர், பெங்களூரு நெடுஞ்சாலையிலும் திருவண்ணாமலைச் சாலையிலும் ஓடியது 800க்கு அருகில், ஊர்ச்சாலைகள் 480, தார் இல்லாத பாதை 120. நூற்றில் ஒன்பது பங்குகூட இல்லை! மலையூர்கள் பலவற்றுக்கு இப்போது தார்ச்சாலை போடப்பட்டுவிட்டதால் அந்த ஒன்பதும் குறைந்துகொண்டே வருகிறது. அந்தச் சிறு பங்கில்தான் டயர் கிழிகிறது என்பதால் எச்.டி. வகைக்குத் திரும்ப நான் விரும்பவில்லை. ஆனால் மீதமுள்ள தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கையும் அம்மாவின் முதுகையும் மறந்துவிட்டு அதற்காக மட்டும் வாங்குவதும் சரியன்று.

ஆகவே நடுவில் கட்டைகள் நெருக்கமாகவும், ஓரத்தில் மட்டும் இடைவெளி விட்டும் அமைந்த, கார் வகையைச் சேர்ந்த ஏ.டி. டயரை 235/65 ஆர் 17 அளவில் எடுத்தேன். பாரக் குறியீடு 108. வாங்கும் முன் கடைக்காரரின் அனுமதியோடு தராசில் வைத்தேன், 16 கிலோ. பழையதைவிட இரண்டு கிலோதான் கூடுதல். கட்டைகளுக்கு நடுவில் கல் சிக்கிக்கொள்ளாமல் தள்ளிவிடும் சிறு மேடுகள் இருக்கின்றனவா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். சல்லி நிறைந்த நம் பாதைகளுக்கு அது மிகவும் தேவையான அமைப்பு. பனியில் ஓட ஏற்றது என்று காட்டும் பனிமலைச் சின்னம் பொறித்த டயருக்குக் கூடுதல் விலை கேட்டார்கள். வேலூரில் அதற்கு வேலை இல்லை. எந்த ஏ.டி. டயரும் ஈரத் தார்ச்சாலையில் நல்ல எச்.டி. டயர் அளவுக்குச் சட்டென்று நிற்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்; மழை நாட்களில் முன்வண்டிக்கு நான் விடும் இடைவெளியை அதிகமாக்கிக்கொண்டேன்.

டயரை மாற்றியதோடு வேலை முடிந்துவிடவில்லை. எனக்கு மிகப் பெரிய வேறுபாட்டைக் காட்டியது காற்றின் அளவுதான். அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் ஒட்டியிருக்கும் தாளில் தயாரிப்பாளர் சொல்லும் அளவு இருக்கும். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து நிரப்புவது மிகப் பெரிய பிழை. காற்றைக் காலையில், வண்டி ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதற்கு முன், நிழலில் நிற்கும்போது பார்க்க வேண்டும். வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறினால் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. கூடும். மார்கழி விடியலில் ஜமுனாமரத்தூரில் பார்த்த அளவுக்கும் கத்திரி வெயிலில் வேலூர் கிரீன் சர்க்கிள் அருகே பார்க்கும் அளவுக்கும் டயர் ஓடாமலேயே நான்கைந்து வேறுபடும். சூடான டயரில் கூடுதலாகக் காட்டுகிறது என்று காற்றை இறக்கிவிடுபவர்கள், மறுநாள் காலையில் குறைந்த காற்றோடு கிளம்புகிறார்கள். அப்படி ஓடும் டயரின் சுவர் அதிகமாக மடங்கிச் சூடேறி வெடிக்கும் ஆபத்து இருக்கிறது. சொகுசுக்காகக் காற்றைக் குறைத்து நெடுஞ்சாலையில் ஓட்டக் கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க அனுபவசாலிகள் பின்பற்றும் ஒரு வழி உண்டு. காலையில் குளிர்ந்த டயரில் தாளில் உள்ள அளவை நிரப்பிவிட்டு, வழக்கமான பாரத்தோடு ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டி, நிறுத்தியதும் மீண்டும் அளக்க வேண்டும். 4 பி.எஸ்.ஐ. அளவுக்கு ஏறியிருந்தால் தொடக்க அளவு அந்தப் பாரத்துக்குச் சரி. அதற்கு மேல் ஏறியிருந்தால் டயர் அதிகமாக மடங்கிச் சூடாகிறது, காலையில் நிரப்பிய காற்று போதவில்லை. இரண்டுதான் ஏறியது என்றால் காற்று கூடுதலாக இருக்கிறது, டயர் மடங்கவே இல்லை. வேலூரிலிருந்து கிளம்பி, பள்ளிகொண்டா, ஆம்பூர் தாண்டி வாணியம்பாடி வரை போய் அளந்தேன். ஏற்றம் நான்கைச் சற்றே தாண்டியது. அம்மாவும் நானும் மட்டும் செல்லும் நாட்களில் தாளில் உள்ள அளவு அப்படியே போதும் என்பது உறுதியானது. மூட்டை ஏற்றும் நாட்களில் முன்சக்கரங்களைத் தொடாமல், பின்சக்கரங்களுக்கு மட்டும் 5 பி.எஸ்.ஐ. கூட்டுகிறேன், மூட்டையை இறக்கியதும் மறக்காமல் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறேன். இந்த மறதியால்தான் பலருடைய வண்டிகள் ஆண்டு முழுதும் கூடுதல் காற்றோடு குலுங்கிக்கொண்டே ஓடுகின்றன. நைட்ரஜன் நிரப்பினால் மெத்தென்று போகும் என்று சொல்பவர்களும் உண்டு. சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான், குலுக்கலில் நான் எந்த மாற்றத்தையும் காணவில்லை.

மலையின் கல் பாதையில் மட்டும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறேன். தார் முடியும் இடத்தில் இறங்கி, நான்கு டயர்களையும் 24க்கு இறக்குகிறேன். தரையைத் தொடும் பகுதி நீளமாகி, கற்களின் மேல் டயர் வளைந்து ஏறுகிறது. குலுக்கலும் குறைகிறது, பின்சக்கரம் சல்லியில் வழுக்கிச் சுழல்வதும் குறைகிறது. அந்த அளவில் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை, திருப்பங்களில் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடிப்பதும் இல்லை. பேட்டரியில் ஓடும் சிறு காற்றடிக்கும் கருவி ஒன்று வண்டியில் எப்போதும் இருக்கிறது. திரும்பி வந்து தாரைத் தொடும் முன் அனைத்தையும் நிரப்புவதற்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்த நினைத்து அப்படியே மலையிறங்கக் கூடாது. நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டி என்பதால் செம்மண் சேற்றில் எந்த டயரும் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதை குழைந்திருந்தால், வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, மலையூர்க்காரர்களின் ஜீப்பில் ஏறிப் போவதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

ஏ.டி. டயரின் கட்டைகள் ஒரே இடத்தில் நெடுநாள் ஓடினால், ஒரு விளிம்பு உயர்ந்தும் மறு விளிம்பு தாழ்ந்தும் ரம்பப் பல்போலத் தேயும். இரைச்சலும் நடுக்கமும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து சக்கரங்களையும் இடம் மாற்றுகிறேன். அப்போது நான்கு சக்கரங்களுக்கும் பேலன்சிங் (எடைச் சமநிலை) பார்க்கச் சொல்கிறேன். முன்சக்கரங்களுக்கு மட்டும் பார்த்துவிட்டுப் பின்னால் தேவையில்லை என்று சொல்லும் வழக்கம் பல கடைகளில் இருக்கிறது, பின்னிருக்கையில் உட்காருபவர்களுக்குத்தான் அதன் பலன் தெரியும். புஷ் மாற்றிய பிறகு அலைன்மென்ட் (சக்கரங்களின் கோண ஒழுங்கு) பார்ப்பதும் கட்டாயம்.

எல்.டி. டயர்களை ஒடுகத்தூரில் பலாப்பழமும் புளியும் ஏற்றி மலையிறங்கும் ஒருவரின் பிக்கப்புக்கு, அளவும் டிஸ்க்கும் பொருந்துவதைப் பார்த்துவிட்டு, வாங்கியதில் பாதி விலைக்குக் கொடுத்தேன். அங்கே அவை இன்றும் ஓடுகின்றன. பாரத்தோடு போகும்போது வண்டி முன்னைவிட நிலையாக நிற்கிறது என்று அவர் சொல்கிறார். என் வண்டியில் இப்போதிருக்கும் டயர்கள் 41,000 கிலோமீட்டர் ஓடிவிட்டன; பக்கச் சுவரில் கீறல்கள் உண்டு, கிழிசல் ஒன்றும் இல்லை. பட்டன் ஆழத்தை மாதம் ஒருமுறை அளக்கிறேன். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம் என்றாலும், மலை மழைக்கு அது போதாது என்பதால், 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவதாக இருக்கிறேன். அம்மா கதவுப் பிடியைப் பிடிப்பதை நிறுத்திப் பல மாதங்கள் ஆகின்றன. சென்ற முறை அணைக்கட்டு தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன், மடியில் மருந்துப் பையை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். இடது முன்பக்க லிங்க் ராடில் மட்டும் மறுபடியும் ஒரு சிறு தட்டல் கேட்கிறது. வரும் புதன்கிழமை பாயிடம் காட்ட வேண்டும்.